வாச்சாத்தி: ஒரு கோடும் ஓர் ஊரும்

வாச்சாத்தி என்ற பெயரைச் சொன்னதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒரு தேதி: 1992 ஜூன் 20. அந்தத் தேதிக்கு முன்னால் அங்கே ஓர் ஊர் இருந்தது, அதற்கென்று நிலமும் நீரும் வழித்தடமும் விளைச்சலும் இருந்தன என்பதெல்லாம் நம் பேச்சில் வருவதில்லை. கீழவெண்மணி, வாச்சாத்தி, கொடியன்குளம், மேலவளவு என்று மேடையில் வரிசையாகச் சொல்கிறோம். சொல்லச் சொல்ல ஊர்ப் பெயர்கள் சம்பவப் பெயர்களாக மாறிவிடுகின்றன. போராட்டத்துக்கு இது தேவைப்படுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. துண்டறிக்கையில் ஓர் ஊரின் முழு வரலாற்றையும் எழுத முடியாது. ஆனால் ஊரை ஒரே நாளுக்குள் அடைத்துவிட்டால் அந்த நாள் எங்கிருந்து வந்தது என்பது மறைந்துபோகிறது. வெறிபிடித்த சில அதிகாரிகள், கையாலாகாத ஓர் அரசாங்கம், அவ்வளவுதான் என்று கதை முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்: வாச்சாத்தியில் நடந்ததன் வேர் அந்த ஊரின் நிலவியலில் இருக்கிறது. நிலவியல் என்றால் மலை, ஆறு, மழையளவு மட்டுமல்ல. 'இது காடு, இது ஊர்' என்று பிரித்து அரசு கிழித்த கோட்டையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தக் கோடு நிலத்தைப் பிரித்ததோடு நிற்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் கால் வைத்தவரைத் திருடர் என்று பெயர் சொல்லி அழைக்கவும் செய்தது.

1

முதலில் இடம். தருமபுரி மாவட்டத்தின் தென்கிழக்கில், அரூர் பக்கம், சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. சித்தேரி, கல்வராயன், சேர்வராயன், ஜவ்வாது எல்லாமே கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள். மேற்குத் தொடர்ச்சி மலை போல ஒரே சுவராக நிற்காமல், சமவெளிக்குள் தனித்தனியாக எழுந்து நிற்பவை. இடையிடையே பள்ளத்தாக்குகள், அவற்றின் வழியாக ஓடும் சிற்றாறுகள். சேர்வராயனிலிருந்து வாணியாறு வருகிறது. சித்தேரிப் பக்கமிருந்து வரும் ஆற்றுக்கு வரட்டாறு என்றே பெயர். மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். இந்த நீரெல்லாம் கடைசியில் தென்பெண்ணைக்குப் போகிறது.

இப்படிப்பட்ட மண்ணில் பிழைப்பை ஒரே தொழிலில் வைத்துக்கொள்ள முடியாது. அடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரி: ராகி, சாமை, கம்பு, பிற்பாடு மரவள்ளி. ஆடு மாடு மேய மலைச்சரிவு. புளி, கடுக்காய், தேன், கிழங்கு, விறகு, துடைப்பப் புல் ஆகியவற்றுக்கு மேலே காடு. கல்யாணச் சம்பந்தத்துக்கும் சாமி கும்பிடவும் மலை மேலுள்ள ஊர்கள். சந்தைக்கு அரூர். இந்த வாழ்க்கையில் மலையும் அடிவாரமும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள் மாதிரி. ஓர் அறைக்குப் பூட்டுப் போட்டால் வீடு பாதியாகும் என்று நினைத்துவிடக் கூடாது. வீடே இல்லாமல் போகும்.

ஊரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வரும் பெயர் இது. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது இவர்களின் பூர்வீகக் கதை. எட்கார் தர்ஸ்டன் போன்றோரின் இனவரைவியல் நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. கதை உண்மையா என்று ஆராய்வதில் எனக்கு ஆர்வமில்லை. சமவெளியிலிருந்து மலைக்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சமூகம் சமவெளிக்கும் மலைக்கும் நடுவே வேலி எதையும் பார்க்கவில்லை என்பதே எனக்கு முக்கியம்.

அரசோ எல்லாவற்றுக்கும் எல்லை வைத்தே பேசும். பட்டியல் பழங்குடிகளின் சட்டப்பூர்வ அட்டவணையைப் பாருங்கள். 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் இதன் காரணமாகவே சான்றிதழுக்காகப் பல்லாண்டுகள் அலைய வேண்டியதாயிற்று. ஒருவர் பழங்குடியா இல்லையா என்பதைக் கூட இங்கே நிலப்படம்தான் தீர்மானிக்கிறது.

2

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து பாரமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் தலைமையில் இங்கே நிலவரித் திட்டம் தொடங்கியது. அவருக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. பிறகு சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவிய ரயத்துவாரி முறைக்கான ஒத்திகை இந்த மண்ணில்தான் நடந்தது. நிலத்தை அளந்து, எண் போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிகட்டியைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. வரி கட்ட ஆள் இருந்தால் அது பட்டா. ஆள் இல்லாத நிலம் புறம்போக்கு, தரிசு. ஆடு மேய்ந்த இடம், தேன் எடுத்த பாறை, முறைவைத்து மாற்றி மாற்றி விதைத்த சரிவு இவற்றையெல்லாம் எழுத அந்தப் பதிவேட்டில் பத்தியே கிடையாது. புழங்குவது வேறு, உடைமை வேறு என்று முதன்முதலில் இந்த ஏடுதான் பிரித்தது.

காட்டுக்குத் தனிக் கோடு விழுந்தது 1882இல். அதற்கு முந்தைய சண்டை சுவாரஸ்யமானது. காடுகளை முழுக்க அரசுடைமை ஆக்க வேண்டுமென்று மத்திய வனத்துறை அதிகாரிகள் நெருக்கியபோது, 1870களில் சென்னை வருவாய் வாரியம் எதிர்த்து எழுதியது. ஊராருக்கு ஏதாவதொரு உரிமை இல்லாத காடு இந்த மாகாணத்தில் அநேகமாகக் கிடையாது என்பது அதன் வாதத்தின் சாரம். வெள்ளைக்கார அதிகாரிகளே ஒப்புக்கொண்ட விஷயம் இது. 1878ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டத்தையும் சென்னை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் 1882இல் வந்த சென்னை வனச்சட்டம் கிட்டத்தட்ட அதே காரியத்தைச் செய்து முடித்தது.

அது வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஒரு பகுதியைக் காப்புக்காடாக ஆக்கப் போகிறோம் என்று அரசு அறிவிக்கும். அங்கே யாருக்காவது உரிமை இருந்தால் குறிப்பிட்ட மாதங்களுக்குள் நிர்ணய அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் உரிமை ஒழிந்துபோகும். எழுத்தறியாத மலைக்காரர் தம் தாத்தன் காலத்துப் புழக்கத்தை உரிமைக் கோரிக்கையாக மொழிபெயர்த்து அதிகாரி முன்னால் வைக்க வேண்டும். வைக்காதவரின் மௌனம் சம்மதமாகப் பதிவாகும். தப்பிப் பிழைத்த சில புழக்கங்களும் 'சலுகை' என்ற பெயரில் எழுதப்பட்டன. உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாட்டை நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சலுகையைக் கொடுப்பவன் பிடுங்கவும் செய்யலாம்.

எம்.ஏ. வகுப்பில் முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று படித்தோம். குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலையாகத் திரியும் என்ற சிலப்பதிகாரச் செய்தியையும் படித்தோம். அங்கே நிலத்தைத் திரிப்பது வெயில். 1882க்குப் பிறகு அந்த வேலையைச் சட்டம் செய்கிறது. காடு அங்கேயே பச்சையாக நிற்கும், மழையும் பெய்யும். ஆனாலும் அடிவாரத்துக்காரனுக்கு அது பாலை. தமிழ்த்துறைகளில் திணையை இன்னமும் இயற்கை வருணனையாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். நிலத்தின் மேல் அதிகாரம் எப்படிச் செயல்படுகிறது என்று வாசிக்க உதவும் கருவியாக அதை எடுத்துக்கொள்வதில் என்ன தடை இருக்கிறது?

இதே வட்டாரத்தில் இன்னொரு பழைய ஆவணமும் உண்டு. செங்கம், தருமபுரிப் பகுதிகளின் பல்லவர் கால நடுகற்கள். அவற்றில் பெரும்பாலானவை தொறு, அதாவது மாட்டு மந்தை, தொடர்பான பூசல்களில் செத்தவர்களுக்கு எடுத்தவை. மேய்ச்சல் நிலத்தின் மேல் இங்கே எப்போதும் சண்டை இருந்திருக்கிறது. அதனால் காலனியத்துக்கு முன்னால் எல்லாம் சமத்துவப் பொற்காலம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் அன்றைக்கு மாட்டைக் கவர்ந்தவனுக்கும் மீட்டவனுக்கும் கல் நட்டார்கள். மேய்ச்சல் நிலத்தில் கால் வைப்பதே குற்றம் என்ற எண்ணம் நவீன அரசு கொண்டுவந்தது.

3

சந்தனம் இந்தக் கோட்டுக்கு அடங்காத மரம். அதன் வேர் பக்கத்துச் செடிகொடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் வளரும், தாவரவியலில் பாதி ஒட்டுண்ணி. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைக் கொண்டுபோய்ப் போடுகின்றன. எனவே வேலியோரம், புதர், பட்டா நில வரப்பு என்று கிடைத்த இடத்தில் முளைக்கும். வாசனையுள்ள வைரக்கட்டை விளையப் பல பத்தாண்டுகள் ஆகும். மைசூரில் திப்பு காலத்திலேயே இது அரச மரம். தமிழ்நாட்டிலும் பட்டா நிலத்தில் தானாக முளைத்த மரத்தைக்கூட வனத்துறை அனுமதியில்லாமல் வெட்டவோ கொண்டுபோகவோ முடியாது. உன் வரப்பில் நிற்கும் மரம், ஆனால் உன் விருப்பப்படி வெட்ட முடியாது. ஜவ்வாது, சித்தேரி மலைகளின் சந்தனத்துக்குத் திருப்பத்தூரிலும் சேலத்திலும் அரசுக் கிடங்குகள் இருந்தன.

விலை உயர உயரக் கடத்தல் பெருகியது. கடத்தல் என்பது ஒரு நீண்ட சங்கிலி. வெட்டுபவர், சுமப்பவர், லாரி, சோதனைச் சாவடி, வியாபாரி, ஆலை, ஏற்றுமதி. இதில் மலையடிவாரத்துக் கூலிக்காரனின் பங்கு மிகச் சிறியது, ஆபத்து மட்டும் மிகப் பெரியது. கோட்டுக்கு உள்ளே உடலோடு அகப்படுவது அவன்தான். மற்றவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள், கணக்குப் புத்தகங்களில் கூட இருப்பதில்லை. சங்கிலியின் மேல்நுனியைத் தொடாமல் கீழ்நுனியை நொறுக்குவதற்கு நிர்வாக மொழியில் 'சோதனை' என்று பெயர்.

4

1992 ஜூன் 20 காலையில் சந்தனக் கட்டை தேடி வனத்துறையினர் வாச்சாத்திக்கு வந்தார்கள். ஊராரோடு தகராறு ஏற்பட்டு வனத்துறை ஊழியர் ஒருவருக்குக் காயம். பிற்பகலில் பெரும்படை வந்தது. வழக்கின் கணக்குப்படி வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், மொத்தம் 269. அரசின் மூன்று துறைகள் ஒன்றாக ஓர் ஊருக்குள் நுழைந்தன. வேறு எந்தத் திட்டத்துக்காகவாவது இந்த மூன்று துறைகளும் சேர்ந்து இந்த ஊருக்கு வந்திருக்குமா என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

ஆண்கள் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். இருந்தவர்களை ஊர் நடு ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். கட்டையைக் காட்டச் சொல்லிக் கூட்டிப்போகிற சாக்கில் பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள், அவர்களில் ஒருத்திக்கு வயது 13. இரவு அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்திருந்து, ஊர்க் கவுண்டரை அந்தப் பெண்களின் கையாலேயே துடைப்பத்தால் அடிக்கச் செய்தார்கள் என்று சாட்சியங்கள் சொல்கின்றன. பெண்கள் 90, குழந்தைகள் 28, ஆண்கள் 15 என்று 133 பேரைக் கைதுசெய்து சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அடுத்த நாட்களில் வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், ஆடு கோழிகளைத் தின்று தீர்த்து மிச்சத்தைக் கிணற்றில் போட்டார்கள். கிணற்றில் டீசலும் ஊற்றினார்கள்.

இந்த இடங்களின் பெயர்களை மறுபடி வாசித்துப் பாருங்கள். ஆலமரம், ஏரி, கிணறு, களஞ்சியம், ஊர்க் கவுண்டர். ஓர் ஊர் ஊராக இருப்பதற்கு எவையெல்லாம் ஆதாரமோ அவை ஒவ்வொன்றாகத் தேடித் தாக்கப்பட்டிருக்கின்றன. பஞ்சாயத்து நடந்த மரத்தடியில் அடி. தண்ணீர் எடுத்த ஏரியில் வல்லுறவு. கிணற்றில் அழுகல். ஊர்த் தலைமையை ஊர்ப் பெண்களைக் கொண்டே அவமானப்படுத்துதல். கோபத்தில் கைமீறிப் போனதாக இதை விளக்கிவிட முடியாது. இங்கே ஓர் ஊர் இருக்கக் கூடாது என்கிற செய்தியை ஊரின் உறுப்புகள் மேலேயே எழுதியிருக்கிறார்கள். பெண்ணுடல் அந்த எழுத்தின் முதல் பக்கமானது. 1882இல் பதிவேட்டில் நடந்த அழிப்பு 110 ஆண்டுகள் கழித்து உடல்கள் மேல் நடந்தேறியது.

5

காலனிய ஆவணங்களைப் பற்றி ரணஜித் குஹா 1983இல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. கலகக்காரர்களைப் பற்றிய எழுத்தை அவர் மூன்று அடுக்காகப் பிரிக்கிறார். முதல் அடுக்கு அதிகாரியின் உடனடி அறிக்கை. இரண்டாவது, பிற்பாடு எழுதப்படும் நினைவுக் குறிப்பும் நிர்வாக வரலாறும். மூன்றாவது, அனுதாபத்தோடு எழுதும் வரலாற்றாசிரியரின் எழுத்து. மூன்றாவது அடுக்கும் கலகக்காரரின் சொந்த நோக்கைத் தவறவிடுகிறது என்பது அவரது குற்றச்சாட்டு.

வாச்சாத்திக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். முதல் அடுக்கில் ஊர் என்பது கடத்தல்காரர்களின் பதுங்கிடம். இரண்டாவதில், அப்படியொன்றும் நடக்கவில்லை என்ற அரசு மறுப்பு. மூன்றாவது நம்முடையது. நாம் எழுதியதில் வாச்சாத்திப் பெண்கள் பாதிக்கப்பட்டவர்கள், பரிதாபத்துக்குரியவர்கள். அது பொய் அல்ல, ஆனால் போதாது. ஏனென்றால் இந்த வழக்கை நகர்த்தியது அந்தப் பெண்களின் ஞாபகம்.

செய்தி வெளியே பரவியது ஜூலையில். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் பிரச்சினையைக் கையிலெடுத்தன. பெ. சண்முகம் போன்றவர்கள் மலையில் ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் போனார்கள். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் தொடுத்த வழக்கில் 1995இல் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அடையாள அணிவகுப்பில் பெண்கள் ஆட்களைச் சுட்டிக்காட்டினார்கள். நீதிமன்றத்தில் எந்த இடம், எந்த மரம், எந்தப் பக்கத்து ஏரிக்கரை என்று சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று எதிர்த்தரப்பு எதை பலவீனமாகக் காட்டியிருக்கலாமோ, அந்த வாய்மொழியே இங்கே ஊரின் வரைபடமாக நின்றது. 1882இல் வனநிர்ணய அதிகாரி முன்னால் பதிவாகாமல் போன குரல் இந்தத் தடவை பதிவாகியது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட முதன்மை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள்: வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. வல்லுறவுக் குற்றம் வனத்துறையினர் 17 பேர் மேல் உறுதியானது, 12 பேருக்குப் பத்தாண்டும் 5 பேருக்கு ஏழாண்டும் சிறை. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் வந்து இடங்களைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியை வல்லுறவுக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கலாம், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றெல்லாம் தீர்ப்பு சொல்கிறது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றத்தான் அதிகாரிகள் இதையெல்லாம் நடத்தினார்கள் என்றும் அது கண்டது. சங்கிலியின் மேல்நுனியைப் பற்றி மலைக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்ததை நீதிமன்றம் 31 ஆண்டுகள் கழித்துச் சொன்னது.

6

தீர்ப்பு பெரியது, சந்தேகமில்லை. சீருடையணிந்த இத்தனை பேருக்கு ஒரே வழக்கில் தண்டனை என்பது சாதாரணமாக நடக்கிற விஷயமா? ஆனால் தீர்ப்பு தண்டித்தது ஆட்களை. கோடு அப்படியேதான் இருக்கிறது. தண்டனைச் சட்டத்துக்குத் தனிமனிதர்கள்தான் தெரிவார்கள், நிலப்பதிவேட்டைக் கூண்டில் ஏற்ற அதற்கு வழியில்லை. நம் எழுத்துக்கு அந்தத் தடை கிடையாது.

2006இல் வந்த வனஉரிமைச் சட்டம் இந்தக் கோட்டைத் திரும்பப் பேச ஓரளவு இடம் கொடுக்கிறது. பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று அதன் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் இருப்பவர்கள், புழங்குபவர்கள் உரிமை கோரலாம். அதைத் தொடங்கிவைக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. நம் கவனத்துக்கு வர வேண்டியது 2008இல் வந்த விதிகள். கோரிக்கைக்குச் சாட்சியமாக எவற்றையெல்லாம் காட்டலாம் என்று ஒரு விதி பட்டியல் போடுகிறது. அரசு ஆவணங்களோடு, ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் எழுதி வாங்கப்பட்டால் அதுவும் சாட்சியம். வீடு, கிணறு, சுடுகாடு, சாமி இருக்கிற இடம் எல்லாமே சாட்சியம். 1882இன் சட்டம் எதைக் கணக்கில் எடுக்கவில்லையோ, 1992இன் படை எதைத் தேடித் தேடிப் பாழாக்கியதோ, அதையே 2008இன் விதி ஆதாரம் என்று பெயர் சொல்லி அழைக்கிறது. அதிகாரிகள் மனமுவந்து இதை நடைமுறைப்படுத்திவிடுவார்கள் என்று நம்புமளவுக்கு நமக்கு அனுபவக் குறைவு இல்லை. ஆனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

எழுதுபவர்களுக்கும் களத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு வேலை இதில் இருக்கிறது. மலையடிவாரத்து ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் வாய்மொழியிலிருந்து ஒரு நிலவியல் எழுதப்பட வேண்டும். எந்தக் கிணற்றை யார் வெட்டியது, எந்தத் தடத்தில் மாடு போனது, எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்தப் புளியமரத்தின் காய் எந்தக் குடும்பத்துக்கு, சாமை விதைத்த சரிவு எது, வனத்துறையின் எல்லைக்கல் எப்போது எங்கே நடப்பட்டது. கதை கேட்பது மாதிரி போய் உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயங்கள் இவை. தலபுராணம் பாடுவதற்கும் ஊர்ப்பெருமை பேசுவதற்கும் தமிழில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்கிற ஊர் வரலாறு கிராம சபையில் மனுவோடு இணைத்துக் கொடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும். சொல்லக்கூடிய கிழவிகளும் கிழவர்களும் வருஷத்துக்குச் சில பேராகக் குறைந்துகொண்டே போகிறார்கள்.